முப்பத்தெட்டாம் நம்பர் காலி

கத்தாதீங்கம்மா. கத்தினா ஜன்னல்ல உக்காந்திருக்கற அந்தக் கண்ணாடிக்காரருக்குக் காது அடைச்சுப் போயிடும். நெஜமாத்தான் சொல்றேன், எட்டு மாசமா இந்த பெஞ்சுல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன். எதிர்ல இருக்கறவங்க குரல் ஏற ஏற அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைக்க ஆரம்பிச்சிடுவார். துடைச்சு முடிக்கறதுக்குள்ள ரெண்டு டோக்கன் நேரம் போயிடும். இப்படி வந்து உக்காருங்க. அங்க வேண்டாம், அந்தப் பக்கத்துக் கால் ஆடும்.

டோக்கன் எத்தனை? அறுபத்தொண்ணா. இப்ப நாப்பத்தஞ்சு ஓடுது. ஒரு மணிக்கு ஜன்னலைச் சாத்துவாங்க, இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கு. பதறாதீங்க. அம்மா எங்க? கீழ வண்டியிலயா, படுத்துக்கிட்டா? கூட யாரு, அண்ணனா? தம்பி. சரி சரி.

எந்திரிக்கவே முடியாதா? ரெண்டு வருஷமாவா. ஊசி தினமும் போடணுமா? அப்ப மருந்து கார்டு இன்னியோட முடிஞ்சா நாளைக்கு மருந்தகத்துல கையை விரிச்சிடுவாங்க. விரிக்கத்தான் செய்வாங்க. வெளியில வாங்கிக் கட்டுபடியாகிற ஊசியா அது.

அந்தச் சுவத்துல மஞ்சளாப் போன தாள் ஒண்ணு ஒட்டியிருக்கே, அதைத்தானே உங்களுக்குக் காட்டினார்? மருந்து அட்டையைப் புதுப்பிக்க விரும்புவோர் அலுவலகத்தில் நேரில் ஆஜராக வேண்டும். சுற்றறிக்கை எண் முப்பத்தெட்டு. ஆமா, நோயாளியே வரணும். மக வந்தா செல்லாது. டாக்டர் சர்ட்டிபிகேட் காட்டினா, டாக்டர் வந்த மாதிரிதானே ஆச்சு, நோயாளி வந்த மாதிரி எப்படி ஆகும்னு கேப்பார். கேட்டுட்டாரா? அதானே பாத்தேன்.

லிஃப்ட் இருக்கும்மா, இல்லாம இல்ல. பழுதுன்னு ஒரு பலகை தொங்குது பாருங்க. அந்தப் பலகைக்கு மட்டும் வருஷா வருஷம் பெயிண்ட் அடிச்சிடறாங்க.

ஆபீசரா? அவர் இறங்கி வரமாட்டார். கெட்ட மனுஷன் இல்ல, வந்து பாக்கணும்னு அவருக்கும் ஆசைதான். ஆனா தாள்ல அலுவலகத்தில்னு போட்டிருக்கு, வண்டியிலன்னு போடலை. அவர் கீழ வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டார்னு வைங்க, நாளைக்கு யாராவது மொட்டைக் கடுதாசி போட்டா அவர் கதி என்ன? அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கு.

மூணு மாடி ஏற முடிஞ்சவனுக்கு அந்தக் கார்டு எதுக்குங்கறீங்களா? சரியான கேள்விதான். இதே கேள்வியை இந்த பெஞ்சுல உக்காந்து எத்தனையோ பேர் கேட்டுட்டாங்க. கேட்டுட்டு எல்லாரும் அடுத்தது என்ன சொல்லுவாங்கன்னும் எனக்குத் தெரியும். எந்த மடையன் எழுதினான் இதைன்னு.

நீங்களும் சொல்லிட்டீங்க. பரவால்ல, சொல்லுங்க. மடையன்தான்.

நானா? நானும் இதே டிப்பார்ட்மென்ட்தான்மா. ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாச்சு. தலைமை ஆபீஸ்ல சுற்றறிக்கை செக்ஷன்னு ஒண்ணு இருக்கு, அங்கதான் குப்பை கொட்டினேன். அதனால இந்த முப்பத்தெட்டோட பூர்வோத்திரம் கொஞ்சம் தெரியும். சொல்றேன், கேளுங்க. இருக்கற நேரத்துக்கு நீங்க சுவத்தை மொறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு இது தேவலை.

சுற்றறிக்கைன்னா யாரும் நெனைச்ச உடனே எழுதிட முடியாது. ஒரு செக்ஷன் வரைவு எழுதும். அது ஒவ்வொரு செக்ஷனா ஊர்வலம் போகும். சட்டப் பிரிவு ஒரு கமாவைச் சேக்கும். நிதிப் பிரிவு அந்தக் கமாவை எடுத்துடும். கடைசியில தலைவர் கையெழுத்து போடுவார். அப்பவும் அது வெறும் தாள்தான். எங்க செக்ஷனுக்கு வந்து, பெரிய பதிவேட்டுல வரிசை நம்பர் போட்டாத்தான் அதுக்கு உசுரு. நம்பர் விழுந்துட்டா அப்புறம் பிரம்மா வந்தாலும் அழிக்க முடியாது. அதை இன்னொரு சுற்றறிக்கைதான் ரத்து பண்ணணும், அந்த இன்னொண்ணும் இதே ஊர்வலம் போயிட்டு வரணும்.

இதுல ஒரு பழக்கம் உண்டு. நம்பர் பிடிச்சு வைக்கிறதும்பாங்க. பெரிய ஆபீசர் போன் பண்ணுவார். அவசரமா ஒண்ணு வெளியிடணும்ப்பா, கோப்பு மத்தியானம் வந்துடும், ஒரு நம்பர் பிடிச்சு வைன்னுவார். நாங்க பென்சில்ல நம்பரை எழுதி இடம் விட்டு வைப்போம். பஸ்ல துண்டு போடற மாதிரிதான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி அப்படி ஒருத்தர் முப்பத்தெட்டைப் பிடிச்சு வைக்கச் சொன்னார். கோப்பு மத்தியானம் வரலை. மறுநாளும் வரலை. அடுத்த வாரம் அவரே வேற ஊருக்கு மாத்தலாகிப் போயிட்டார். எதுக்குப் பிடிச்சு வெச்சார்னு அவரோட போச்சு.

இதுக்குள்ள முப்பத்தொம்பது வெளிய போயிடுச்சு. நாப்பதும் போயிடுச்சு. நடுவுல பல்லு விழுந்த மாதிரி ஒரு ஓட்டை.

இருக்கட்டுமேன்னு விட முடியாதும்மா. வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்ஷன் வரும். அவங்க சுற்றறிக்கையைப் படிக்க மாட்டாங்க. நல்லாக் கேட்டுக்குங்க, ஒரு வரி படிக்க மாட்டாங்க. நம்பர் வரிசையா இருக்கான்னு மட்டும் விரல் வெச்சுப் பாப்பாங்க. ஒரு நம்பர் இல்லைன்னா, எங்கய்யா ஒரு அரசாங்க ஆணையையே காணோம், யாருக்கு வித்தேன்னு ஆரம்பிச்சிடுவாங்க. அப்படி ஒரு தடவை மாட்டிக்கிட்டு ஒருத்தர் ஏழு மாசம் சஸ்பெண்டுல கிடந்தார். கடைசியில அவர் ஒண்ணும் தொலைக்கலைன்னு தெரிஞ்சுது. அதுக்குள்ள அவருக்கு முடி எல்லாம் கொட்டிப் போச்சு.

அந்த வருஷமும் அப்படித்தான், நாளைக்குக் காலையில இன்ஸ்பெக்ஷன். இன்னிக்குச் சாயங்காலம் நாலே முக்காலுக்கு மேற்பார்வையாளர் பதிவேட்டைப் பிரிக்கறார், முப்பத்தெட்டு காலி. அந்த செக்ஷன்ல ஒரு கிளார்க் இருந்தான். நாப்பது வயசு இருக்கும். கையெழுத்து நல்லா இருக்கும், வேலையில சுத்தம்னு நல்ல பேரு. அவனைக் கூப்பிட்டு, யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லாத மாதிரி ஏதாவது ஒண்ணு எழுதி இதுல போட்டுடுப்பான்னார்.

சிரிக்காதீங்க, அது லேசுப்பட்ட வேலை இல்ல. யாருக்கும் பாதிப்பில்லாம ஒரு ஆணை எழுதிப் பாருங்க, தெரியும். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செல்லவும்னு எழுதலாம்னு பாத்தான், அது ஏற்கனவே நம்பர் பன்னெண்டா இருந்தது. ஜன்னலைச் சாத்தவும், அது ரெண்டு வருஷம் முந்தி வந்தாச்சு. சுவத்துல எச்சில் துப்பக் கூடாதுன்னு மூணு தடவை வந்திருக்கு. மணி அஞ்சாயிட்டுது. தலையைச் சொறிஞ்சுக்கிட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாக்கறான், கீழ மருந்து அட்டை கவுண்டர்ல ஜனங்க வரிசையில நிக்கறாங்க. அப்ப இந்த ஆபீஸ் தரைத் தளத்துல இருந்ததும்மா. ஒரே ஒரு படி. சக்கர நாற்காலியை அப்படியே உள்ள உருட்டிக்கிட்டு வந்துடலாம். முடியாதவங்களுக்குப் பதிலா வீட்டாளுங்க வந்தாலும் யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. எல்லாரும் எப்படியும் நேர்லதானே வர்றாங்கன்னு எழுதிட்டான். நேரில் ஆஜராக வேண்டும். ஒரே வரி. மேற்பார்வையாளர் தலைவருக்காகன்னு போட்டு ஒரு கையெழுத்தைக் கிறுக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

இன்ஸ்பெக்ஷன்ல ஒரு குறை வரலை. பதிவேடு நன்கு பராமரிக்கப்படுகிறதுன்னு எழுதிட்டுப் போனாங்க.

நம்பர் விழுந்தா பிரதி போயாகணுமே. பதினோரு ஆபீஸுக்குப் போச்சு. பதினோரு ஆபீஸ்லயும் படிக்காம கோப்புல குத்தி வெச்சாங்க. அப்படியே கிடந்து செல்லரிச்சிருந்தா ஒரு தொந்தரவும் இல்ல. மூணு வருஷம் கழிச்சு விதிகளையெல்லாம் ஒரே புஸ்தகமாத் தொகுக்கறோம்னு ஒரு குழு போட்டாங்க. புஸ்தகத்துல ஏறிட்டுது. புஸ்தகத்துல இருக்கேன்னு அடுத்து வந்த சுற்றறிக்கை எல்லாம் பார்வை, எண் முப்பத்தெட்டுன்னு போட ஆரம்பிச்சுது. இந்த ஆபீஸை வேற மூணாவது மாடிக்கு ஏத்திட்டாங்க. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான்.

யாருமே கேக்கலையான்னா, கேட்டாங்கம்மா. நடுவுல ஒரு மேடம் வந்தாங்க, நல்ல மனசு. படுக்கையில இருக்கறவங்க வீட்டுக்கு நம்ம ஆளே போய்ப் பாத்துட்டு வரட்டும்னு ஒரு வரைவு போட்டாங்க. சட்டப் பிரிவு நிறுத்திட்டுது. இது முப்பத்தெட்டுக்கு முரணா இருக்கு, முதல்ல அதை ரத்து பண்ணு. ரத்து பண்ணணும்னா அது எதுக்காக வந்ததுன்னு தெரியணும். காரணம் தெரியாம எப்படி ரத்து பண்றது, உள்ள ஏதாவது பெரிய காரணம் இருந்து தொலைச்சா? மூலக் கோப்பைக் கொண்டான்னாங்க.

மூலக் கோப்புக்கு எங்க போறது. இருந்தாத்தானே. அந்தக் கேள்வி சுத்திச் சுத்தி சுற்றறிக்கை செக்ஷனுக்கே வரும். அந்தக் கிளார்க் மேசைக்கே வரும். அவன் பதில் எழுதுவான், கோப்பு தேடப்பட்டு வருகிறது. அடுத்த வருஷம் ஞாபகக் கடிதம் வரும். தொடர்ந்து தேடப்பட்டு வருகிறதுன்னு எழுதுவான். அந்த மேடம் மாத்தலாகிப் போற வரைக்கும், அதுக்கப்புறமும், பதினோரு வருஷத்துல ஒம்பது தடவை எழுதினான்.

கணக்கு எப்படித் தெரியும்னா கேக்கறீங்க? அதெல்லாம் செக்ஷன்ல எல்லாருக்கும் தெரியும்.

ஏன் சொல்லலைன்னு கேட்டா என்னம்மா சொல்றது. முதல்ல வேலை போயிடும்னு பயம். வீட்டுல படிக்கற பொண்ணு. அப்புறம் மேற்பார்வையாளர் செத்துப் போயிட்டார், செத்தவர் பேரை இழுக்கவான்னு ஒரு சாக்கு. அப்புறம் பழகிப் போச்சு. பயம்கூடப் போயிட்டுது, பழக்கம் போகலை.

நாப்பத்தொம்பது கூப்பிட்டாச்சு. நீங்க தம்பிக்குப் போன் பண்ணி ஒரு நாற்காலி பாத்து வைக்கச் சொல்லுங்க. அம்மாவை மேல கொண்டு வந்துதானே ஆகணும். எதிர்த்தாப்பல டீக்கடையில பிளாஸ்டிக் நாற்காலி தருவான், கேட்டுக் கேட்டு அவனுக்கும் பழகிட்டுது. கை வெச்ச நாற்காலி வேண்டாம். ரெண்டாவது மாடித் திருப்பத்துல கைப்பிடிச் சுவத்துல மாட்டிக்கும், முன்னாலயும் போகாது பின்னாலயும் வராது. இடுப்போட சேத்து ஒரு துண்டால கட்டிடுங்க. அப்புறம் தூக்கறப்போ கீழ்ப் பக்கம் பிடிக்கறவங்க தெம்பான ஆளா இருக்கணும். படியில ஏறும்போது கனம் பூரா கீழ்ப் பக்கம் இறங்கிடும். மேல் பக்கம் பிடிக்கறவனுக்கு ஒண்ணும் இல்ல, சும்மா தொட்டுக்கிட்டு வரலாம்.

எங்க வீட்டம்மாவைக் கொண்டு வந்தேனே, அதுல தெரிஞ்சுக்கிட்டதுதான். முந்தின வருஷம். நரம்பு வியாதி, இடுப்புக்குக் கீழ விளங்காமப் போயிட்டுது. ஆனா வாய் மட்டும் முன்னைக்கு ரெண்டு மடங்கு. டீக்கடைக்காரனும் பக்கத்து வீட்டுக்காரரும் கீழ்ப் பக்கம் பிடிச்சாங்க. நான் மேல் பக்கம் பிடிச்சேன். பேப்பர் எல்லாம் என் கையில இருந்தது, அதனால.

ரெண்டாவது மாடித் திருப்பத்துல மாட்டிக்கிட்டு, இறக்கி வெச்சு மூச்சு வாங்கினோம். இவளுக்குச் சிரிப்பு. கல்யாணம் ஆன அன்னிக்குக்கூட என்னை இப்படித் தூக்கிக்கிட்டு வரலையே நீங்கங்கறா. தூக்கினவங்களும் சிரிச்சுட்டாங்க. அப்புறம் கேட்டா. ஏங்க, முப்பது வருஷத்துக்கு மேல அந்த ஆபீஸ்லயே இருந்தீங்களே, இந்தச் சட்டத்தை யாரு எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியாதா?

தெரியாதுன்னேன்.

பாவம், எவனோ, அவன் வீட்டுல யாரும் படுக்கையில விழுந்ததில்ல போலருக்குன்னா. அப்படியே யாரும் விழாம நல்லா இருக்கட்டும்னா. திட்டுவான்னு நெனைச்சேன். என்னையெல்லாம் சட்னியில உப்புக் கூடினா ஒரு மணி நேரம் திட்டுவா. அன்னிக்குன்னு பாத்து வாழ்த்திட்டா.

அப்புறம் தூக்கினோம். மூணாவது மாடி வந்துட்டுது. நேர்ல ஆஜரானா. கண்ணாடிக்காரர் நிமிந்துகூடப் பாக்கலை, கையை நீட்டி முத்திரையைக் குத்திட்டார். கார்டு கெடைச்சுது.

இல்லம்மா, இப்ப இல்ல. கார்டுல இன்னும் எட்டு மாசம் பாக்கி இருக்கும்போதே போயிட்டா.

அட, நீங்க ஏன் கண்ணைத் துடைக்கறீங்க. உங்களுக்கு இருக்கற கவலை போதாதா.

அதுக்கப்புறம்தான் நான் ஒரு மனு எழுதினேன், முப்பத்தெட்டை ரத்து பண்ணுங்கன்னு. விதிகளை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மறு ஆய்வு பண்றதுக்கு ஒரு குழு இருக்கு. பாதிக்கப்பட்டவங்க மனு போட்டா எடுத்துக்கணும்னு சட்டமே இருக்கு. போட்டேன். திரும்பி வந்துட்டுது. என்ன எழுதியிருந்தாங்க தெரியுமா? மனுதாரரின் மனைவி காலமாகிவிட்டதால் மனுதாரர் தற்போது பாதிக்கப்பட்டவர் அல்ல. குத்தம் சொல்ல முடியாதும்மா. நான் அந்த நாற்காலியில இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். நல்ல வாசகம்.

அதான் எட்டு மாசமா இங்க வந்து உக்காந்திருக்கேன். உசுரோட ஒரு நோயாளியை வெச்சிருக்கறவங்க கையெழுத்து ஒண்ணு வேணும், இன்னும் கெடைக்கலை. இந்தாங்க, இதான் படிவம். எல்லாம் டைப் அடிச்சு வெச்சிருக்கேன், அம்மா பேரும் உங்க பேரும் மட்டும் நீங்க எழுதினாப் போதும். குழுவுக்கு மனு கொடுக்க இன்னிதான் கடைசி நாள். அஞ்சு மணிக்குள்ள முதல் மாடிப் பெட்டியில போட்டுடணும். விட்டா இன்னும் அஞ்சு வருஷம் எல்லாரும் நாற்காலி தூக்கணும்.

உங்களுக்கு ஒண்ணும் வராது. வந்தா எனக்குத்தான் வரும். ஆனா படிக்காம மட்டும் கையெழுத்துப் போடாதீங்க. படிக்காம கையெழுத்துப் போட்டதுலதான் இவ்வளவும் வந்தது. ரெண்டாம் பாகம் வரைக்கும் படிங்க. ஒருத்தர், கிட்டத்தட்ட உங்க வயசுதான், அப்பாவை முதுகுல சுமந்துக்கிட்டு வந்தார். கையெழுத்தெல்லாம் போட்டார். அப்புறம்தான் ரெண்டாம் பாகத்தைப் படிச்சார். நாலாக் கிழிச்சு என் மடியிலயே போட்டுட்டுப் போனார். அவர்கிட்டயும் தப்பில்ல.

படிச்சுட்டீங்களா?

ஆமா. சட்டப் பிரிவு கேக்குதே, வெளியிட்ட காரணம் என்னன்னு. அதான் அந்தக் கட்டத்துல எழுதியிருக்கேன். முப்பத்தெட்டாம் நம்பர் காலியாக இருந்தது. வேற காரணம் இல்லம்மா. இருந்திருந்தா இன்னும் ரெண்டு வரி எழுதியிருப்பேன்.

கீழ, எழுதியவர்னு இருக்கே. அது என் பேருதான்.

எந்திரிச்சிட்டீங்களே. போங்கன்னு சொல்ல மாட்டேன், இருங்கன்னும் சொல்ல மாட்டேன். மடையன்னீங்க, அப்பவே சரின்னுட்டேனே.

எங்க வீட்டம்மாவுக்கா? தெரியாது. தெரியாதுன்னு அவகிட்ட சொன்னேன்னு சொன்னேனே.

தாளை மடிக்காதீங்க, மடிச்சா பெட்டிகிட்ட உக்காந்திருக்கறவன் வாங்க மாட்டான். பேனா இந்தா இருக்கு. கையெழுத்துப் போடறதும் கிழிக்கறதும் அப்புறம் யோசிச்சுக்கலாம், அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு. அம்மாவுக்கு ஒரு மணி வரைக்கும்தான். அம்பத்தி மூணு கூப்பிட்டாச்சு. வாங்க, இறங்குவோம். உங்க தம்பியை மேல் பக்கம் பிடிச்சுக்கச் சொல்லுங்க. டீக்கடைக்காரனும் நானும் கீழ்ப் பக்கம் பிடிச்சுக்கறோம்.